வலை அறியாத மரணம்

மாமல்லபுரத்துக் கற்கோயிலைக் கண்டு வியக்கும் நாம், அதன் எதிரே புரளும் கடல் நீரைக் கூர்ந்து நோக்குவதில்லை. அந்நீரில் மிதந்து திரியும் நுண்பிராணிகள் எண்ணிலடங்கா. மீன் குஞ்சுகளுக்கு அவையே அன்னம்.

சற்றுத் தெற்கே, கல்பாக்கத்தில் 1984-ம் ஆண்டு வணிக முறையில் மின்சாரம் வழங்கத் தொடங்கிய அணுமின் நிலையம், நீராவியைக் குளிர்விக்கக் கடல் நீரை உறிஞ்சி மீண்டும் கடலிலேயே விடுகிறது. நீரோடு இப்பிராணிகளும் உள்ளே செல்கின்றன. பம்புகளின் அலைக்கழிப்பு, வெப்பம், குழாய்களில் சிப்பி படியாதிருக்கச் சேர்க்கும் குளோரின் ஆகிய மூன்றையும் அவை தாண்டியாக வேண்டும்.

வெளிவருவனவற்றை வலையிட்டு எண்ணினால் மட்டும் போதுமா? பிணமும் உயிரும் வலைக்கு ஒன்றே அன்றோ! பிடித்தவுடன் 'நியூட்ரல் ரெட்' என்னும் சாயத்தில் இட்டால் உயிருள்ளவை சிவக்கும். மாண்டவை வெளிறிக் கிடக்கும்.

தேசத்துக்கு மின்சாரம் வேண்டும், ஐயமில்லை. ஆயினும் அதன் கணக்கை எழுதுங்கால், நம் மீனவர் வலைக்குரிய மீனின் உணவையும் பற்றுப் பக்கத்தில் எழுதுவோமாக.