நியூயார்க் குடிவரவாளர் குடும்ப ஒற்றுமைத் திட்டம்

நியூயார்க் குடிவரவாளர் குடும்ப ஒற்றுமைத் திட்டம் என்பது, ஐக்கிய அமெரிக்காவில் தடுப்புக் காவலில் இருந்தபடி நாடு கடத்தல் வழக்கை எதிர்கொள்ளும் வறிய குடிவரவாளர்களுக்குப் பொதுப் பணத்தில் வழக்கறிஞரை அளிக்கும் திட்டம் ஆகும். 2013 ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் தொடங்கப்பட்ட இது, அந்நாட்டில் இவ்வகைத் திட்டங்களுள் முதலாவதாகும்.

பின்னணி

கடுங்குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்கு வழக்கறிஞரை அமர்த்த வசதி இல்லையெனில், அரசே அமர்த்தித் தரவேண்டும் என 1963 இல் கிடியன் எதிர் வெயின்ரைட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு கடத்தப்படுவோருக்கு இவ்வுரிமை இல்லை. நாடு கடத்தல் என்பது குற்றத்திற்கான தண்டனை அன்று என அதே நீதிமன்றம் 1893 இல் கூறியிருந்தது. இதனால் இவ்வழக்குகள் உரிமையியல் வழக்குகளாகவே கருதப்படுகின்றன. 1952 ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் குடியுரிமைச் சட்டத்தின்படி குடிவரவாளர் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கான செலவை அரசு ஏற்காது. அரசுத் தரப்பில் வாதிட எப்போதும் வழக்கறிஞர் உண்டு.

ஏழைகளின் சட்ட உதவிக்காக 1974 இல் சட்ட சேவைகள் கழகம் உருவாக்கப்பட்டது. எனினும் அதன் நிதியைப் பெறும் அமைப்புகள் ஆவணங்கள் இல்லாத குடிவரவாளர்களுள் பெரும்பாலானோருக்கு உதவ 1996 இல் தடை விதிக்கப்பட்டது.

தோற்றம்

கூட்டரசு மேல்முறையீட்டு நீதிபதி ராபர்ட் காட்சுமன் முன்னெடுத்த ஆய்வுக்குழு 2011 இல் நியூயார்க் வழக்குகளின் முடிவுகளை வெளியிட்டது. வழக்கறிஞர் இருந்து, காவலிலும் இல்லாதோருள் 74 விழுக்காட்டினர் வழக்கில் வென்றனர். வழக்கறிஞர் இன்றிக் காவலில் இருந்தோருள் வென்றோர் 3 விழுக்காட்டினரே. இதையடுத்து 2013 இல் நகர மன்றம் 5 இலட்சம் டாலர் ஒதுக்கி முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. 2014 இல் ஒதுக்கீடு 49 இலட்சம் டாலராக உயர்த்தப்பட்டது.

செயற்பாடு

மன்காட்டனின் வாரிக் தெருக் குடிவரவு நீதிமன்றத்தில் திட்டம் தொடங்கியது. லீகல் எய்ட் சொசைட்டி, புரூக்ளின் டிஃபெண்டர் சர்வீசஸ், பிராங்சு டிஃபெண்டர்சு ஆகிய மூன்று அமைப்புகளின் வழக்கறிஞர்கள் வாதிடுகின்றனர். வருமான வரம்பிற்கு உட்பட்டவர்களின் வழக்குகளை, வெல்லக்கூடியவை எவை எனத் தெரிந்தெடுக்காமல் ஏற்பது இதன் தனித்தன்மை ஆகும்.

விளைவுகள்

வேரா நிறுவனம் 2017 இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இத்திட்டத்தின் வழக்குகளுள் 48 விழுக்காடு வெற்றியில் முடியும் எனக் கணிக்கப்பட்டது. திட்டத்திற்கு முன் அதே நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாதோருக்கு இது 4 விழுக்காடாக இருந்தது. சட்டப்படி தங்கியிருக்க உரிமை உள்ள பலர், அதனை எடுத்துரைக்க இயலாமலே வெளியேற்றப்பட்டனர் என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது. 2017 இல் நியூயார்க் மாநில அரசு திட்டத்தை மாநிலத்தின் பிற குடிவரவு நீதிமன்றங்களுக்கும் விரிவாக்கியது.

கருத்து வேறுபாடுகள்

குடிமக்கள் அல்லாதோருக்கு வரிப்பணத்தைச் செலவிடலாகாது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். பயன் பெறுவோருள் நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களும், குடியுரிமை உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் உள்ளனர் என ஆதரவாளர்கள் சுட்டுகின்றனர். கடுங்குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றோருக்கு நகர நிதியை மறுக்க நகர முதல்வர் 2017 இல் முற்பட்டபோது நகர மன்றம் எதிர்த்தது.

இவ்வுதவி சட்டம் உறுதி செய்த உரிமை அன்று. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்படும் தொகையையே சார்ந்துள்ளது.