அடுத்த மாடல் எங்கே?

எங்கள் தெருமுனை டீக்கடைச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு அம்புக்குறி இருக்கிறது. சாலையை அகலப்படுத்த அளக்க வந்தவர்கள் போட்டுவிட்டுப் போனது. மூன்று வருடமாகிறது. கடை முழுக்கப் போகுமா, பாதி போகுமா, ஒன்றும் ஆகாதா என்று யாருக்கும் தெரியாது. இன்றுவரை ஒரு செங்கல்கூட விழவில்லை. ஆனால் கடைக்காரர் ஒழுகும் தகரத்தை மாற்றவில்லை. புது பாய்லர் வாங்கவில்லை. கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பையன் ஊருக்குப் போன பிறகு வேறு ஆளும் வைக்கவில்லை.

அந்தக் கடை பெஞ்சில்தான் பக்கத்து வீட்டுத் தம்பி என்னிடம் கேட்டான். ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்டில் இருக்கிறான். "எங்கேயோ ஒரு நாட்டுக்காரன் வரி போடுறேங்கிறான், அப்புறம் தள்ளி வைக்கிறேங்கிறான். வரியே இன்னும் வரல. அதுக்குள்ள எங்களுக்கு ஏண்ணே ஓ.டி.யை நிறுத்துறாங்க?"

பதில் அந்தச் சுவரிலேயே இருக்கிறது. ஆனாலும் ஒரு ஊரின் கதையோடு சொன்னால் நன்றாகப் புரியும். இன்னொரு டீ சொல்லிவிட்டு அவனுக்கு இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரத்தைப் பற்றிச் சொன்னேன்.

ஸ்விண்டன் ஒரு காலத்தில் ரயில் ஊர். அங்கிருந்த ரயில்வே பணிமனை பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டது. 1986-ல் அது மூடப்பட்டது. அதற்குச் சற்று முன்பு, 1985-ல், ஹோண்டா அந்த ஊருக்கு வந்திருந்தது. 1989-ல் இன்ஜின், 1992-ல் கார் என்று உற்பத்தி வளர்ந்தது. 2018-ல் அங்கிருந்து சுமார் 1,60,000 கார்கள் வெளியே வந்தன. பிரிட்டனில் அந்த வருடம் தயாரான பத்துக் கார்களில் ஒன்று ஸ்விண்டன் கார். பெரும்பகுதி ஏற்றுமதிதான், அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது.

ஆலை எப்படி ஓடியது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். டீக்கடைக்காரர் பத்து நாள் பாலைச் சேர்த்து வைப்பதில்லை. காலையில் ஒரு கேன், மதியம் ஒரு கேன். பால் வண்டி வராவிட்டால் அடுப்பு எரியும், டீ இருக்காது. கார் ஆலையும் அப்படித்தான். ஐரோப்பாவிலிருந்து தினமும் சுமார் 350 லாரிகள் பாகங்களைக் கொண்டு வருவதாகவும், லைனில் ஒரு மணி நேரத்துக்கான சரக்குதான் கையிருப்பில் இருப்பதாகவும் ஹோண்டாவே பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னது. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒரே சந்தையாக இருந்ததால் எல்லையில் சுங்கச் சோதனை கிடையாது. லாரி நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

2016 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற பிரிட்டன் மக்கள் வாக்களித்தார்கள். ஸ்விண்டனிலும் வெளியேறும் பக்கமே பெரும்பான்மை. அது அவர்கள் உரிமை. அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என் கவலை அதற்குப் பிறகு வந்த வருடங்களைப் பற்றியது. ஒப்பந்தத்தோடு வெளியேறுவார்களா, ஒப்பந்தம் இல்லாமலா? ஒப்பந்தம் இல்லையென்றால் காருக்குப் பத்து சதவீத வரி விழும். சுங்கத்தில் லாரி எவ்வளவு நேரம் நிற்கும்? நாலரை வருடம் போனபின்தான், 2020 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், வணிக ஒப்பந்தம் முடிவானது.

இடையில் நடந்த ஒன்றைச் சொன்னால் இந்த நிச்சயமின்மை எவ்வளவு செலவு வைக்கும் என்பது தெரியும். வெளியேறும் நாள் 2019 மார்ச் 29 என்று குறித்திருந்தார்கள். அன்றைக்குத் துறைமுகத்தில் குழப்பம் வரும் என்று பயந்து, ஆக்ஸ்ஃபோர்டில் மினி கார் செய்யும் பி.எம்.டபிள்யூ ஆலை தன் வருடாந்திரப் பராமரிப்பு மூடலை ஏப்ரலுக்கு முன்தள்ளி வைத்தது. வேறு சில ஆலைகளும் ஏப்ரலில் உற்பத்தியை நிறுத்தி வைத்தன. கடைசி நேரத்தில் வெளியேற்றம் தள்ளிப்போனது. ஆனால் சப்ளையருக்குச் சொன்னது சொன்னதுதான், ஆட்களுக்கு லீவு அறிவித்தது அறிவித்ததுதான். மூடலைத் திரும்பப் பெற முடியவில்லை. அந்த ஏப்ரலில் பிரிட்டனின் கார் உற்பத்தி, முந்தைய வருட ஏப்ரலைவிட 44.5 சதவீதம் விழுந்தது. எல்லையில் ஒரு விதிகூட மாறாத மாதம் அது.

தம்பி இங்கே குறுக்கிட்டான். "அப்ப ஹோண்டா அதனாலதான் மூடினாங்களா?"

அவசரப்படக் கூடாது. 2019 பிப்ரவரியில் மூடல் முடிவை அறிவித்தபோது, பிரெக்ஸிட், அதாவது ஒன்றியத்தைவிட்டு வெளியேறுவது, காரணமல்ல, உலகம் மின்சாரக் காருக்கு மாறுவதுதான் காரணம் என்றது ஹோண்டா. அதில் உண்மை இருக்கிறது. டீசல் கார் விற்பனை சரிந்துகொண்டிருந்தது. ஸ்விண்டன் ஆலை தன் முழுத் திறனுக்கு ஓடவில்லை. அதே பிப்ரவரி முதல் தேதி ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஜப்பானுக்கும் இடையிலான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, ஜப்பானிலிருந்து வரும் காருக்கான பத்து சதவீத வரி படிப்படியாகக் குறையத் தொடங்கியது. ஜப்பானில் செய்தே ஐரோப்பாவுக்கு அனுப்பலாம் என்றால், ஐரோப்பாவில் ஆலை வைத்திருக்க ஒரு காரணம் குறைகிறது. துருக்கியில் இருந்த கார் ஆலையையும் ஹோண்டா மூடியது.

ஆனால் ஒரு ஆலை எந்த நாளில் சாகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கேட்டைப் பூட்டும் நாளில் அல்ல. அடுத்த மாடல் அங்கே வராது என்று முடிவாகும் நாளில். ஒரு கார் மாடல் லைனில் ஐந்தாறு வருடம் ஓடும். அது முடிய இரண்டு மூன்று வருடம் இருக்கும்போதே அடுத்தது எந்த ஆலைக்கு என்று தீர்மானித்தாக வேண்டும். புது டை, புது ஜிக், ரோபோ, சப்ளையர் ஒப்பந்தம் எல்லாம் அப்போதுதான் தொடங்க முடியும். ஸ்விண்டனில் ஓடிய சிவிக் மாடலின் காலம் 2021-ல் முடிவதாக இருந்தது. ஆக, முடிவெடுக்க வேண்டிய காலம் சரியாக 2018, 2019. எந்தக் கேள்விக்கும் பதில் இல்லாத அதே இரண்டு வருடங்கள்.

பத்து சதவீத வரி உறுதி என்றால்கூட ஒரு கம்பெனி கூட்டிக் கழித்து வழி பார்க்கும். தெரியாத எண்ணை வைத்து என்ன கணக்குப் போடுவது? யாரும் "மூடுகிறோம்" என்று உடனே சொல்வதில்லை. பாய்லர் வாங்காத கடைக்காரரைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். பிரிட்டன் கார் துறையில் 2015-ல் அறிவிக்கப்பட்ட புது முதலீடு 250 கோடி பவுண்டு. 2018-ல் அது 59 கோடிக்கும் கீழே. ஏற்கெனவே பலவீனங்கள் இருந்த ஆலைக்குப் பக்கத்தில் நிற்க ஒரு ஆள்கூட இல்லாமல் போனது. 2021 ஜூலை 30-ல் ஸ்விண்டன் ஆலை மூடப்பட்டது. சுமார் 3,500 வேலைகள் போயின. அவர்களை நம்பியிருந்த துணை ஆலைகளின் வேலைகள் தனி. நிலம் கைமாறிச் சரக்குக் கிடங்குகளுக்கானது.

மறைமலை நகர் நமக்குத் தெரிந்த கதை. 2021 செப்டம்பரில், அங்கே ஆலை வைத்திருந்த ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சுமார் 4,000 ஊழியர்கள். பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்பது அவர்கள் சொன்ன காரணம். வணிகச் சண்டை அல்ல. ஆனால் அங்கும் முன்னறிகுறி ஒன்றுதான். மஹிந்திராவுடன் கூட்டு சேர்ந்து புது மாடல்கள் செய்யும் திட்டம் 2020 கடைசி நாளில் கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு லைனில் ஓடியதெல்லாம் பழைய மாடலின் மிச்ச நாட்கள். 2024-ல், ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மீண்டும் பயன்படுத்த ஃபோர்டு விருப்பக் கடிதம் கொடுத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் ஆலை பூட்டிக் கிடந்து காத்திருக்கும். வீட்டுக் கடனும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் காத்திருக்காது.

தம்பியின் கேள்விக்கு வருகிறேன். சந்தேகம் வந்ததும் கம்பெனி முதலில் வெட்டுவது சத்தமில்லாமல் வெட்டக்கூடியதை. ஓ.டி. போகும். பிறகு கான்ட்ராக்ட் ஆட்களின் எண்ணிக்கை குறையும். ட்ரெய்னியை நிரந்தரமாக்குவது தள்ளிப்போகும். நிரந்தரத் தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது, செட்டில்மென்ட் பேச இடமிருக்கிறது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்ற ஒரு போன் போதும். வணிகச் சண்டையில் முதல் அடி வாங்குகிறவன், அதில் எந்தப் பேச்சுவார்த்தை மேசையிலும் பெயரே இல்லாதவன். இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் அரசுகளிடம் கேட்க வேண்டியது இரண்டு. வரி போடுவதானால் எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்று தெளிவாகச் சொல்லி அதில் நில்லுங்கள். நிலமும் மின்சாரமும் சலுகையில் கொடுக்கும்போது, மூடுவதானால் எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும், கான்ட்ராக்ட் ஆட்களுக்கு என்ன பொறுப்பு என்பதையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். ஸ்விண்டன் தொழிலாளிகளுக்கு, வலித்தாலும், இரண்டு வருடத்துக்கு மேல் அவகாசம் கிடைத்தது. வேறு வேலை பழக அது பெரிய காலம்.

தம்பி கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். "நான் செய்யற பீஸ் எந்த மாடலுக்குப் போகுதுன்னே எனக்குத் தெரியாதுண்ணே."

நாளைக்கு ஷிஃப்ட்டுக்குப் போனதும் முதலில் அதைக் கேள் என்றேன். அந்த மாடல் இன்னும் எத்தனை வருடம், அதற்கு அடுத்தது எங்கே என்றும் கேள். பதில் வந்தால் நல்லது. மூன்று மாதமாகியும் யாரும் சொல்லவில்லை என்றால், அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு மாலை நேரத்தில் ஏதாவது படிக்கத் தொடங்கு.