குளிசை ஒருவருக்கு மட்டும் போதுமா?

"அக்கா, ஏழு நாளும் ஒழுங்காகக் குளிசை குடித்தனான். பிறகும் ஏன் இப்படி?"

என்னிடம் இப்படிக் கேட்டவர் ஓர் இளம் தாய். கிளமிடியாத் தொற்றுக்கு மருந்தெடுத்து மூன்று மாதங்களின் பின் பரிசோதித்தபோது மீண்டும் தொற்று இருந்தது. "அவருக்குச் சொன்னனீங்களா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

கிளமிடியா பாலுறவு மூலம் தொற்றும் ஒரு பக்டீரியா நோய். பெரும்பாலான பெண்களுக்கு அறிகுறியே தெரிவதில்லை. சிலருக்கு வழமைக்கு மாறான வெள்ளைபடுதல், சலம் கழிக்கையில் எரிவு, உறவின் பின் இரத்தக்கசிவு ஏற்படலாம். கவனியாது விட்டால் கிருமி கருப்பைக்கும் பலோப்பியன் குழாய்களுக்கும் பரவும். பிள்ளைப்பேறின்மையும் குழாயில் கருத்தங்குதலும் அதன் விளைவுகள்.

சிக்கலற்ற தொற்றைக் குணப்படுத்துவது கடினமல்ல. டொக்சிசைக்கிளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இரு தடவை, ஏழு நாட்கள். சுகமாகிவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. நிறையத் தண்ணீருடன் குடித்து, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையை அதே நேரத்தில் எடுத்தால் மருந்தின் பலன் குறையும். கர்ப்பிணிகளுக்கு இம்மருந்து ஏற்றதல்ல; அவர்களுக்கு அசித்திரோமைசின் 1 கிராம் ஒரே தடவையில் கொடுக்கப்படுகிறது. எனவே கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பார்மசியில் தாமாகவே மருந்து வாங்குவதும் வேண்டாம்.

ஆனால் மனைவி மட்டும் குளிசை குடித்தால் கணவரிடமிருந்து கிருமி திரும்பி வரும். இருவரும் ஒரே காலத்தில் சிகிச்சை பெற்று, அது முடியும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும். ஒரே தடவை மருந்தென்றாலும் ஏழு நாட்கள் பொறுக்க வேண்டும். மூன்று மாதங்களின் பின் மீண்டும் பரிசோதிப்பது நல்லது.

"சொன்னால் என்னைத்தானே சந்தேகிப்பார்?" என்பதே அந்தத் தாயின் பயம். இக்கிருமி மாதக்கணக்கில் அறிகுறியின்றி உடலில் தங்கக்கூடியது. யாரிடமிருந்து, எப்போது வந்தது என்பதைப் பரிசோதனை சொல்லாது. அரசாங்க பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் சிகிச்சை இலவசம். விபரங்கள் இரகசியமாகப் பேணப்படும். கணவரிடம் எப்படிச் சொல்வது என்பதற்கும் அங்கே ஆலோசனை பெறலாம்.

பின்னர் ஒருநாள் அவர் கணவரையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். கணவருக்கும் எந்த அறிகுறியும் இருக்கவில்லை. தொற்று மட்டும் இருந்தது.

சகோதரிகளே, வெட்கத்தை விட உங்கள் கருப்பை பெறுமதியானது.