ஐயாற்றங்கரையில் ஒரு பகல்

உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவர்கள் யாத்திரை செய்வதென்றாற் காசிவரை போய்வர வேண்டும் என்று நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். பத்து நாளிலே இருபது தலங்களைக் கண்டு, கால் வீங்கி வீடு திரும்புவோரை நாம் அறிவோம். ஒரு சிற்றூரை ஒரு பகல் முழுவதும் ஆறுதலாகப் பார்ப்பதன் பயனை எமக்கு உணர்த்தியவர்கள் முதிய தம்பதியர் இருவர்.

ஐயா எமக்குக் கணிதம் கற்பித்தவர், வயது எழுபத்தெட்டு. அம்மா அவருக்கு ஆறு வயது இளையவர். இளமையிலே சங்கீதம் பயின்று, வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளிலே தேறியவர். மணமான பின்னர் நான்கு பிள்ளைகள், மாமியாரின் நோய், ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்குள் அடங்கவேண்டிய வீட்டுச் செலவு ஆகியவற்றுக்கிடையே பாட்டு அடுப்படியோடு நின்றுவிட்டது. எஞ்சியிருந்த தம்புராவும், 1995ஆம் ஆண்டு வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது வீட்டிலே விடப்பட்டுத் தொலைந்தது.

சென்ற ஆண்டு ஆவணியிலே அவ்விருவருடனும் தஞ்சாவூரிலே தங்கியிருந்தோம். ஒருநாட் காலை, "இண்டைக்குத் திருவையாறு மட்டும் போவம், வேறொரு இடமும் வேண்டாம்" என்றார் ஐயா.

திருவையாறு தஞ்சாவூருக்கு வடக்கே ஏறக்குறைய 12 கிலோமீற்றர் தொலைவிலே, காவிரியின் வடகரையில் உள்ளது. வழியிலே வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளையும் பாலங்களின்மேற் கடந்து செல்கிறது பஸ் வண்டி. ஊருக்கு இப்பெயர் வந்தமைக்கு இவ்வைந்தையே காரணமாகக் கூறுவாருமுளர். ஐயா விரல்விட்டு எண்ணிவந்து, "கணக்குச் சரி" என்றார். மேட்டூர் அணை திறக்கப்பட்டிருந்தமையாற் காவிரி நிறைந்து ஓடியது; கோடையிலாயின் இங்கே மணலே மிகுதி. கிணற்றுநீரை நம்பி வாழும் யாழ்ப்பாணத்தவராகிய நாம் மூவரும் பாலத்தைக் கடக்கும்வரை பேச்சற்றிருந்தோம்.

முதலில் ஐயாறப்பர் கோயிலுக்குச் சென்றோம். கயிலை காண விரும்பிய அப்பர் சுவாமிகள், நடந்தும் தவழ்ந்தும் உடல் தேய்ந்து, ஈற்றிலே வடதிசையில் ஒரு பொய்கையில் மூழ்கி இத்தலத்துக் குளத்திலே எழுந்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. எழுந்தவர் முன்னே யானையும் பிடியும், சேவலும் பேடையுமாக உயிர்கள் இணை இணையாக வந்தன. அவற்றையே சிவமும் சத்தியுமாகக் கண்டு அவர் பாடினார். இக்கோயில் வளாகத்திலே வடகயிலாயம் என்றொரு கோயில் உண்டு. அது முதலாம் இராசராசனின் தேவியாகிய உலோகமாதேவி செய்வித்த திருப்பணி. தென்மேற்குப் பிராகாரத்திலே ஓரிடத்தில் நின்று "ஐயாறா" என்று கூவினால் ஏழுமுறை எதிரொலிக்கும் என்பர். ஐயா சிறுபிள்ளைபோலக் கூவினார். எமக்கு நான்குமுறைதான் கேட்டது. ஐயாவோ ஏழென்றே சாதித்தார்.

பகலுணவும், இவ்வூருக்குப் பேர்போன, பாசிப்பருப்பினாற் செய்யும் அசோகா என்னும் இனிப்பும் உண்டு, சற்றே இளைப்பாறியபின் தியாகராச சுவாமிகளின் சமாதியை அடைந்தோம். திருவாரூரிற் பிறந்த சுவாமிகள், வாழ்நாளின் பெரும்பகுதியை இவ்வூரிற் கழித்து, 1847ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். ஆண்டுதோறும் ஆராதனையின்போது பெருங்கூட்டம் நிறையும் இவ்விடம், அன்று அமைதியாக இருந்தது.

இவ்வாலயத்தின் வரலாற்றை நாம் அம்மாவுக்குக் கூறினோம். பராமரிப்பின்றிக் கிடந்த சமாதிக்கு 1920களிலே தம் பொருளைச் செலவிட்டு ஆலயம் எடுத்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி குலத்திற் பிறந்து இசையாற் பொருளீட்டியவர் அவர். அவ்வாறிருந்தும், ஆராதனையிலே பெண்கள் பாடலாகாதென வித்துவான்கள் தடுத்தனர். அவர் சோர்ந்தாரல்லர், பெண்களைக் கூட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940ஆம் ஆண்டளவிலே பிரிந்துநின்றோர் ஒன்றுபட்டனர்; பெண்களும் பாடலாயினர். 1952இல் மறைந்த அவ்வம்மையாரின் நினைவிடம், சுவாமிகளின் சமாதியை நோக்கியவாறே அமைந்திருக்கிறது.

"கோயில் கட்டினவவையே பாடவிடேல்லையோ?" என்றார் அம்மா.

"இஞ்சாரும், உம்மை ஒருத்தரும் தடுக்கேல்லையே" என்றார் ஐயா, விளையாட்டாக.

"தடுக்கேல்லைத்தான். பாடச்சொல்லி ஒருநாளும் கேக்கவுமில்லையே."

அம்மா கோபமின்றியே சொன்னார். ஆயினும், எத்தகைய வினாவுக்கும் உடனே விடை கூறும் எமது ஆசிரியர் நெடுநேரம் விடையின்றி இருந்தார். பின்பு, "பிழைதான். இப்ப கேக்கிறன்; பாடும்" என்றார்.

"குரல் போட்டுதுங்கோ" என்று தயங்கியவர், சிறிது பொறுத்து, சுவாமிகளின் கீர்த்தனம் ஒன்றை மெல்லத் தொடங்கினார். குரல் நடுங்கியது; சுருதி மட்டும் விலகவில்லை. சரணத்திலே சொல் மறந்து அம்மா நின்றபோது, தெலுங்கு அறியாதவரும் ஒருநாளும் பாடியறியாதவருமான ஐயா, அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார். அம்மா திகைத்து அவரை நோக்கி, பின்னர் பாடலை முடித்தார்.

மாலையிலே புஷ்ய மண்டபப் படித்துறையில், காலை நீரில் நனைத்தபடி அமர்ந்திருந்தோம். "ஐயா, அந்தச் சொல்லை எங்கே பாடமாக்கினீர்கள்?" என்று வினவினோம்.

"அடுப்படிக்குப் பக்கத்து அறையிலதானே நான் கொப்பி திருத்திறது" என்றார் அவர். அம்மா ஆற்றைப் பார்த்தபடி இருந்தார்.

நாற்பது ஆண்டுக்கு மேலாக ஒருவர் தமக்குள்ளே பாடியதை மற்றவர் சுவருக்கு அப்பால் இருந்து கேட்டிருக்கிறார். கேட்டேன் என்று சொல்லவில்லை. இன்னும் பாடு என்று வேண்டவுமில்லை. அவர் அதனைச் சொல்வதற்கு ஆற்றங்கரையில் ஓர் ஓய்வான பகல் வேண்டியிருந்தது. நம் வீடுகளிலும் இவ்வாறு பாதியில் நின்ற பாட்டோ, படிப்போ, கைவேலையோ இருக்கக் கூடும். பெற்றோரைப் பிரயாணம் அழைத்துச் செல்லும் பிள்ளைகள், இடங்களின் தொகையைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவார்களாக. மாணவர்களோ பிரயாணத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அம்மா முன்பு என்ன கற்றார் என்று இன்றைக்கே கேட்கலாம்.

திரும்பும் வழியிலே ஐயா ஆறுகளை எண்ணவில்லை. அம்மா பாடிக்கொண்டே வந்தார்.