ஆட்டுக்கால் சூப்பு காலுக்குப் போகுமா?

எங்கள் வீட்டில் யார் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாலும், பாட்டி கேட்கும் முதல் கேள்வி, "ஆட்டுக்கால் வாங்கியாச்சா?" என்பதுதான். டாக்டர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அதற்கப்புறம். தீயில் வாட்டி, மயிரைச் சுரண்டி, இடித்த மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் போட்டு, குக்கரில் எட்டுப் பத்து விசில் விடுவாள். மிச்சமான சூப்பை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலை அது கட்டிக்கொண்டு, குத்திய கரண்டி அப்படியே நிற்கும். "பாத்தியா, எப்படிப் பிடிச்சுக்கிது! எலும்பும் இப்படித்தான் பிடிக்கும்" என்பாள்.

அந்தக் கட்டிக்கொள்ளும் பொருளுக்குப் பெயர் ஜெலட்டின். கொலாஜன் என்ற புரதம் வெந்து அவிழ்ந்தால் கிடைப்பது. நம் உடம்பிலுள்ள புரதத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கொலாஜன்தான்: தோல், எலும்பு, மூட்டு, தசைநாண் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டியிருக்கும் கயிறு. கயிறு என்பது வெறும் உவமை அல்ல. மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட அமைப்பு அது என்று 1954-ல் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆய்வுக்கு வேண்டிய கொலாஜன் பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து வந்தது. ஆட்டுக்காலிலிருந்து எடுத்ததல்ல; கங்காரு வாலின் தசைநாண்!

சரி, பாட்டியின் கணக்குக்கு வருவோம். ஆட்டின் காலிலிருக்கும் கயிறு நம் காலுக்குப் போய்ச் சேருமா?

சேராது. வயிற்றிலும் சிறுகுடலிலும் அந்தக் கயிறு பிரிக்கப்பட்டு, இழை அறுக்கப்பட்டு, கடைசியில் தனித்தனி அமினோ அமிலங்களாகவும், இரண்டு மூன்று சேர்ந்த துணுக்குகளாகவும்தான் ரத்தத்தில் கலக்கிறது. அவற்றில் 'ஆடு' என்றோ 'கால்' என்றோ எழுதி ஒட்டியிருக்காது. பருப்பிலிருந்து வந்த கிளைசினும் ஆட்டுக்காலிலிருந்து வந்த கிளைசினும் ஒன்றேதான்.

இதன் பிறகு நடப்பதைப் புரிந்துகொள்ளப் பூக்கடைக்குப் போகலாம். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று இருபது வகை உதிரிப் பூக்கள் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருபது வகை அமினோ அமிலங்கள் அவை. எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ என்ற வரிசை செல்லின் உட்கருவில் டி.என்.ஏ.வில் இருக்கிறது. வேண்டிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ.வாக நகலெடுக்கப்பட்டு வெளியே வரும். அதை மூன்று மூன்று எழுத்தாகப் படித்துக் கட்டிக்கொண்டே போவது ரைபோசோம். நம் செல்களில் ஒரு ரைபோசோம் நொடிக்கு ஐந்து அமினோ அமிலம் வரை கோக்கும். ரத்தச் சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் ஒரு வகை இழைக்கு 146 அமினோ அமிலம் வேண்டும். அரை நிமிட வேலை. இந்த ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாகக் காட்டியதற்காக 2009-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான வெங்கி ராமகிருஷ்ணன் பிறந்தது சிதம்பரத்தில். (மூன்று வயதிலேயே குடும்பம் குஜராத்துக்குப் போய்விட்டது. இருந்தாலும் நாம் விடுவோமா?)

கனகாம்பரம் தீர்ந்துபோனால்? பூக்காரம்மா வேறு பூவை வைத்துச் சமாளித்துவிடுவார். ரைபோசோமுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. காத்து நிற்கும். அந்த ஒரு சரக்குக்காக உடம்பு தன் தசைப் புரதத்தையே கொஞ்சம் பிரித்துக் கொடுக்கும். சும்மா இருக்கும்போதே நாள்தோறும் கால் கிலோவுக்குக் குறையாத புரதத்தை நம் செல்கள் உடைத்துத் திரும்பக் கட்டுகின்றன. பழைய மாலையின் பூக்களே பெரும்பாலும் புது மாலைக்குப் போகின்றன. சிந்திச் சிதறி வீணாவதை ஈடுகட்டத்தான் சாப்பாட்டுப் புரதம். இருபதில் ஒன்பதை நம் உடம்பால் செய்யவே முடியாது. தட்டிலிருந்துதான் வர வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஆட்டுக்கால் சூப்பின் குட்டு உடைகிறது. அந்த ஒன்பதில் ஒன்றான டிரிப்டோஃபேன் கொலாஜனில் கிடையவே கிடையாது. அழகுக்காக விற்கும் விலை உயர்ந்த கொலாஜன் பொடிக்கும் இதே கதைதான். மாறாக, நாம் மதிக்காத இட்லியைப் பாருங்கள். அரிசியில் லைசின் குறைவு, உளுந்தில் அது தாராளம். உளுந்தில் குறையும் மெத்தியோனினை அரிசி சரிக்கட்டுகிறது. நாலுக்கு ஒன்று என்று போட்டு ஆட்டியவர்களுக்கு லைசின் தெரியாது. இட்லி பூப்போல வந்தால் போதும் என்று இருந்தார்கள். வெறும் ரசஞ்சோற்றில் நாளை ஓட்டுபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை, ஜிம்முக்குப் போய்வந்து டப்பாவைக் குலுக்குபவர்களைப் பற்றியல்ல. ஆரோக்கியமான பெரியவருக்கு எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. அறுபது கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் வந்துவிடும். கொழுப்பைப் போலப் புரதத்தைச் சேமித்து வைக்க உடம்பில் தனிக் கிடங்கு இல்லை. மிஞ்சியதிலுள்ள நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக்கிச் சிறுநீரில் தள்ளிவிட்டு, மீதியை எரிக்கும் அல்லது கொழுப்பாக்கும்.

ஒரு வேடிக்கை பாக்கி இருக்கிறது. கொலாஜனில் ஹைட்ராக்ஸிபுரோலின் என்றொரு அமினோ அமிலம் நிறைய உண்டு; முறுக்கு அவிழாமல் கயிற்றைப் பிடித்திருப்பது அதுதான். ஆனால் அதற்கு டி.என்.ஏ.வில் எழுத்தே இல்லை. சூப்பிலிருந்து எவ்வளவு வந்தாலும் ரைபோசோம் அதைத் தொடாது. சாதாரணப் புரோலினை வைத்து இழையைக் கோத்த பிறகுதான், அங்கங்கே அதை ஹைட்ராக்ஸிபுரோலினாக மாற்றும் வேலை நடக்கிறது. அந்த வேலைக்கு வைட்டமின் சி வேண்டும். கடலிலேயே மாதக்கணக்கில் கிடந்த பழைய மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்ததும், ஆறிய புண்கள்கூடத் திறந்துகொண்டதும் இது இல்லாமல்தான்.

பாட்டி சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றியதும் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிவாள். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும். கொதிக்கும்போது பிழிந்தால் கசந்துவிடும் என்பாள்.