கட்டுச்சோறு கெடாதிருப்பது ஏன்?

நெடும்பயணம் புறப்படுவோர் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்டலி, தயிர்ச்சோறு ஆகியவற்றைக் கட்டி எடுத்துச் செல்வது தமிழ்நாட்டுக் கடற்கரை மாவட்டங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். தில்லியில் புசா ரோட்டை அடுத்த கரோல் பாகில் தமிழ்க் குடும்பங்கள் பல்லாண்டுகளாக வாழ்ந்து வருகின்றன. சென்னையிலிருந்து அவர்களைக் காண வரும் உறவினர் சுமார் 2,200 கிலோமீட்டர் ரயிலில் வரவேண்டும். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இதற்கு ஏறக்குறைய ஒன்றரை நாள் ஆகிறது. கோடையில் வழியிலுள்ள பல ஊர்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அவ்வெப்பத்திலும், முறைப்படி செய்த புளியோதரை மறுநாள் உண்ணத்தக்கதாக இருக்கிறது. அதே அரிசியில் வடித்த வெறுஞ்சோறோ சில மணி நேரத்தில் ஊசிப்போகிறது. இதன் காரணத்தை அறிவது முகாம்களில் தங்கும் களப்பணியாளருக்கும், மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கும் மிகவும் பயன்படும்.

சோற்றில் நேரும் கேடு

சோற்றை நஞ்சாக்கும் நுண்ணுயிர்களில் பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா முக்கியமானது. இது மண்ணில் வாழ்வது. தானியத்தோடு அடுக்களைக்கு வந்து சேர்கிறது. ஸ்போர் எனப்படும் இதன் வித்துக்கள் உலை கொதித்தாலும் முற்றிலும் அழிவதில்லை. வடித்த சோறு ஈரத்துடன் வெதுவெதுப்பாகக் கிடக்குமாயின் அவை முளைத்துப் பெருகத் தொடங்குகின்றன. 20 நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிப்பதாகக் கொண்டால், ஒரே பாக்டீரியா ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்டதாகிவிடும். அது சோற்றில் வெளியிடும் நஞ்சு வாந்தியை உண்டாக்கும். இந்நஞ்சு மறுபடியும் சூடாக்குவதால் அழிவதில்லை. மணத்தைக் கொண்டோ சுவையைக் கொண்டோ இதைக் கண்டறியவும் இயலாது.

மைசூரில் 1961-இல் நிறுவப்பட்ட பாதுகாப்புத் துறை உணவு ஆராய்ச்சிக் கூடம் படைவீரருக்கென உறையில் அடைத்த உணவு வகைகளை உருவாக்கியிருக்கிறது. உறையில் அடைத்தபின் அழுத்தத்தில் சுமார் 120 டிகிரி வெப்பம் ஊட்டினால் வித்துக்களும் மடிந்துவிடும். வீட்டு அடுக்களையில் இம்முறை கைகூடாது. ஆகவே வித்துக்களைக் கொல்லாமல், முளைக்கவிடாமல் தடுக்கும் வழியையே நம் முன்னோர் மேற்கொண்டனர்.

புளிப்பு என்னும் காவல்

அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். அளவுகோலில் 7 என்பது நடுநிலை; எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். மேற்கூறிய பாக்டீரியா ஏறக்குறைய 4.3-க்குக் கீழே பெருகுவதில்லை. வெறுஞ்சோறு நடுநிலையை ஒட்டியது. புளியில் டார்டாரிக் அமிலம் நிறைந்திருப்பதால் அதன் கரைசல் இந்த எல்லைக்கு வெகு கீழே நிற்கிறது. புளிக்காய்ச்சலை எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவைப்பதால் நீர் வற்றி, அமிலமும் உப்பும் செறிவடைகின்றன. ஒவ்வொரு பருக்கையிலும் அது படியுமாறு கலந்தாலன்றிக் காவல் முழுமை பெறாது. நிறத்துக்காக மட்டும் சிறிது புளி சேர்த்த சோறு வழிக்கு உதவாது. மஞ்சளையும் பெருங்காயத்தையும் நம்பிப் புளியைக் குறைப்பதும் தகாது.

தயிர்ச்சோற்றில் இவ்வேலையை லாக்டிக் அமிலம் செய்கிறது. சோற்றைப் பாலில் பிசைந்து சிறிது தயிர் விடுவது பழைய வழக்கம். வழியிலேயே அது தோய்ந்து தயிராகும். கொதிக்கும் சோற்றில் தயிரை விட்டால் தயிரிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் மடிந்துவிடும். கை பொறுக்கும் சூட்டில் விடுதலே முறை. ஆயினும் புளிப்பு ஏறச் சில மணி நேரம் ஆவதால், இதைப் புளியோதரைக்கு ஒப்பாகக் கருதாமல் அன்றைக்கே உண்டுவிட வேண்டும்.

நீரைக் குறைத்தல்

நீரின்றி நுண்ணுயிர் பெருகாது. அரைத்த தேங்காய்ச் சட்டினி முதலில் கெடுவதற்கு அதன் ஈரமே காரணம். ஆகவேதான் வழிக்கு வறுத்து இடித்த பொடிகளைக் கொண்டனர். பொடியுடன் குழைக்கும் நல்லெண்ணெய் இட்டலியை உலராமல் காக்கும், எளிதில் சிக்கெடுக்காது. ஆனால் அது கிருமிகளைக் கொல்வதில்லை.

மீனுக்கும் இவ்விதியே பொருந்தும். சிறுபாணாற்றுப்படையில் நெய்தல் நிலத்தார் வழிச்செல்லும் பாணருக்கு உலர்ந்த குழல்மீனைச் சுட்டு அளிப்பது கூறப்படுகிறது. லட்சத்தீவுகளைச் சேர்ந்த மினிக்காயில் சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் இறுகும்வரை காயவைத்து மாசி செய்கின்றனர். இதற்குப் பிடித்த உடனே பதப்படுத்திய மீனே ஏற்றது. வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகும். பின்னர் வேகவைப்பதாலும் புகையூட்டுவதாலும் அது நீங்காது.

ஆறவைத்துக் கட்டுதல்

இக்காலத்தில் பலர் உணவு வகையை மட்டும் வைத்துக்கொண்டு, செய்முறையை விட்டுவிட்டனர். ஆவி பறக்கும் சோற்றைப் பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர் டப்பாவில் அடைத்து மூடுகின்றனர். ஆவி மூடியில் நீர்த்துளியாகிச் சோற்றிலேயே விழுகிறது. சூடும் பல மணி நேரம் வெளியேறாது நிற்கிறது. பாக்டீரியா வளர இதைவிட ஏற்ற சூழ்நிலை வேறில்லை. அனலில் வாட்டிய வாழையிலையும் பனையோலைப் பெட்டியும் ஆவியை ஓரளவு வெளிவிடும். டப்பாவே கிடைக்குமாயின், சோற்றை அகன்ற தாம்பாளத்தில் மெல்லிதாகப் பரப்பி, ஈ மொய்க்காமல் காத்து, விரைவில் ஆறியபின் அடைத்தல் வேண்டும். குவியலாக வைத்து ஆறவிடுதல் கூடாது.

பள்ளியில் செய்யத்தக்க சோதனை

ஒரே பானைச் சோற்றை மூன்று பங்காகப் பிரிக்கவும். முதற்பங்கைச் சூட்டோடு டப்பாவில் மூடவும். இரண்டாவதை ஆறவைத்து மூடவும். மூன்றாவதில் புளிக்காய்ச்சல் கலந்து ஆறவைத்து மூடவும். தொடக்கத்தில் மூன்றையும் நீல லிட்மஸ் தாளால் சோதிக்கவும். மூன்றாவது பங்கு தாளைச் சிவப்பாக்கும். 24 மணி நேரம் கழித்து ஈரம், பிசுபிசுப்பு, மணம் ஆகியவற்றை ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளலாம். எதையும் சுவைத்தல் ஆகாது. மணத்தில் வேறுபாடு தோன்றாத சோற்றிலும் நஞ்சு இருக்கலாம் என்பதை மாணவருக்கு உணர்த்த வேண்டும்.

சுற்றுலாவுக்கும் முகாமுக்கும் உணவு கட்டுவோர் சாம்பார் சாதம், தேங்காய்ச் சாதம், வெறுஞ்சோறு ஆகியவற்றைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும். கடுங்கோடையில் ஒரு மணி நேரமே தகும். அதற்கு மேற்பட்ட பயணத்துக்கு நன்கு புளித்த புளியோதரையும் உலர்ந்த பண்டங்களுமே உரியவை. ஐயத்துக்கிடமான சோற்றைச் சூடாக்கி உண்பதைவிட எறிந்துவிடுதலே நன்று.