பொதி போகும் வழியும் நமது உழைப்பின் விலையும்



பனையோலைப் பெட்டி, தைத்த உடுப்பு, இடித்த மிளகாய்த்தூள் என எமது களுவாஞ்சிக்குடிப் பகுதிப் பெண்கள் செய்யும் பொருட்களைக் கைத்தொலைபேசியில் படம் பார்த்து வெளியூரவர்கள் வாங்குகிறார்கள். கணவனை இழந்தும், காணாமற்போனவரைத் தேடிக்கொண்டும் தனியே குடும்பம் சுமக்கும் பெண்களுக்கு, பிள்ளைகளை விட்டுப் பிரியாமல் உழைக்க இது நல்ல வழி. ஆனால் செய்த கூலியை அனுப்பும் செலவு விழுங்கிவிட்டால் என்ன மிஞ்சும்?

இந்தச் செலவு ஏறியதற்குக் காரணம் உண்டு. 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், 2022 ஜூனில் 470 ரூபாயானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 முதல் சாதாரண கடிதத்துக்கான முத்திரை 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாக உயர்ந்தது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. பொதியை ஏற்றிச் செல்லும் வாகனத்தின் செலவு கடைசியில் நமது தலையிலேதான் இறங்குகிறது.

மறுபுறம், தபால் தொழிலே மாறி வருகிறது. உலகெங்கும் கடிதம் குறைந்து பொதி கூடுகிறது. எமது உறவினர் பலர் வாழும் டென்மார்க்கில், அஞ்சல் நிறுவனம் 2025 முடிவுடன் கடித விநியோகத்தையே நிறுத்திவிட்டுப் பொதிகளில் கவனம் செலுத்துகிறது. எமது ஊர்களிலும் தனியார் கொரியர் நிறுவனங்கள் பெருகிவிட்டன. அவை விரைவாகக் கொண்டு போகின்றன. பொருளைக் கொடுத்துக் காசையும் வாங்கித் தருகின்றன.

ஆனால் விரைவு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நான் சந்தித்த பெரியபோரதீவுச் சகோதரி ஒருவர் ஓலைக்குப் போடும் சாயத்தைக் கொரியரில் எடுப்பித்தார். "அக்கா, பட்டிருப்புப் பாலத்தடிக்கு வந்து எடுத்துப் போங்க" என்று தொலைபேசி வந்ததாம். வீட்டுக்குக் கொண்டுவரக் கட்டணம் கொடுத்த பிறகும் அவர் ஆட்டோவுக்குத் தனியாகக் காசு கொடுத்தார். இலாபம் பார்க்கும் நிறுவனம் படுவான்கரையைத் தூரமாகப் பார்க்கிறது. கொழும்புக்குப் போகும் கடிதத்துக்கும் வாவிக்கு அப்பால் மண்டூருக்குப் போகும் கடிதத்துக்கும் தபாலகத்தில் ஒரே முத்திரைதான். தூரம் பார்க்காத இந்த முறை 1840 இல் பிரித்தானியாவில் தொடங்கியது. பொருளைக் கொடுத்துக் காசு வாங்கும் வி.பி.பி. முறையும் புதிதல்ல, இந்தியத் தபாலில் 1877 இலேயே வந்துவிட்டது. இலங்கைத் தபால் திணைக்களத்திலும் இத்தகைய சேவை உண்டு. எனவே கொரியருக்குக் கொடுக்கும் முன் தபாலகத்திலும் கட்டணத்தை விசாரியுங்கள்.

இனி, கொப்பியில் எழுதிவைக்க வேண்டிய இரண்டு கணக்குகள்.

முதலாவது, திரும்பி வரும் பொதி. ஒரு பொதியில் 200 ரூபாய் இலாபம் என்று வைத்துக்கொள்வோம். பத்து அனுப்பினால் 2000 ரூபாய். இரண்டு பேர் வாங்க மறுத்தால், எட்டுப் பொதியின் இலாபம் 1600 ரூபாய். திரும்பியவற்றுக்குத் தலா 400 ரூபாய் அனுப்புக்கூலி நமது கையிலிருந்து போனால் மிச்சம் 800 ரூபாய்தான். ஆகவே புதியவர்களிடம் அனுப்புக்கூலியையாவது முற்பணமாகக் கேளுங்கள். திரும்பும் பொதிக்குக் கட்டணம் உண்டா என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள்.

இரண்டாவது, பொதியின் பருமன். வெளிநாட்டுக்கு விமானத்தில் அனுப்பும் கொரியர் நிறுவனங்கள் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி, பொதுவாக 5000 ஆல் வகுக்கின்றன. 40, 40, 30 அளவுள்ள ஒரு பெட்டி ஒரு கிலோதான் இருந்தாலும் 9.6 கிலோவுக்குக் கட்டணம் வரும்! எனவே ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி பெட்டிகளை இழையுங்கள். ஒரே பொதியில் ஐந்தை அனுப்பலாம்.

தனித்தனியாக நாம் அனுப்பும் ஓரிரு பொதிக்கு எவரும் விலை குறைக்க மாட்டார்கள். மாதர் சங்கத்தில் பத்துப் பேரின் பொதிகளைச் சேர்த்து, கிழமையில் ஒருநாள் அனுப்புவதாகச் சொன்னால் பேரம் பேச இடமுண்டு. "வீட்டுவாசல் வரை கொண்டுவர வேண்டும்" என்றும் அப்போது உறுதியாகக் கேட்கலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதனை முதல் விடயமாக எடுத்துப் பேசுங்கள்.